இரும்புக் கணப்புச் சட்டி: துரு, எண்ணெய், சாம்பல், மழைக்காலம்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் 30 அங்குல அகலமுள்ள இரும்புக் கணப்புச் சட்டி ஒன்று இருக்கிறது. தகடுகளை ஆணியடித்துச் சேர்த்த பழைய மாதிரி. மூன்று கால் தாங்கியின் மேல் உட்காரும். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் உள்ளே அடிப்பகுதி செதில் செதிலாக உரிகிறது. கீழே பதித்த கல்லில் துருக்கறை. உள்ளே பெயிண்ட் அடிக்கலாமா? எண்ணெய் தடவினால் போதுமா? மழைக்காலத்தில் எப்படி வைப்பது?

பதில்:

முதலில் நேரடியான விடை. உள்ளே எந்தப் பெயிண்டும் வேண்டாம். எண்ணெய் நல்லது, ஆனால் உள்ளே நெருப்பு எரியும் இடத்தில் அது ஒரு இரவுகூடத் தங்காது. சட்டியைக் காப்பாற்றுவது பூச்சு இல்லை. தணல் அவிந்த பிறகு சாம்பலை எப்போது அள்ளுகிறீர்கள், மழை வருமுன் சட்டியை எப்படிக் கவிழ்க்கிறீர்கள் என்ற இரண்டும்தான். அடிப்பகுதி உரிவதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளேயே விட்ட சாம்பல் மழையிலோ மூடுபனியிலோ ஊறியதுதான்.

சாம்பல் காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். அதில் பொட்டாசியம் உப்புகள் உண்டு. கூடவே கொஞ்சம் குளோரைடு, சல்பேட். மழைநீர் பட்டு வடிந்துவிட்டால் வெறும் இரும்பு ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும். சாம்பல் சேறாகி ஒட்டியிருந்தால் அதன் கீழே இரும்பு வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும். அந்தச் சேற்றில் கரித்துண்டுகளும் கலந்திருக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஈரத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சின்ன பேட்டரி உண்டாகி, அரிபடுவது எப்போதும் இரும்பாகவே இருக்கும். சட்டியின் பக்கவாட்டில் மெல்லிய, சீரான துருவும், அடியில் மட்டும் குழி குழியான அரிப்பும் இருப்பதற்குக் காரணம் இதுதான். பக்கவாட்டுத் துருவைப் பற்றிக் கவலையே வேண்டாம். 3 மி.மீ. தகட்டில் அப்படிப்பட்ட மேல்துரு அழகுப் பிரச்சினை மட்டும்தான்.

ஆனால் உரிவது எல்லாம் துரு இல்லை. வெப்பத்தாலும் இரும்பு உரியும். ஒரு செதிலை எடுத்துப் பாருங்கள். செங்காவி நிறத்தில், விரலால் நசுக்கினால் பொடியாகி, அடுக்கடுக்காகப் பிரிந்தால் அது ஈரத்துரு. கருநீலமோ கருஞ்சாம்பலோ நிறத்தில், கடினமாக, வளைத்தால் பட்டென்று உடைந்தால் அது வெப்பத்தால் வந்த பொருக்கு. கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது உதிர்கிறதே, அதே பொருள். தணலை நேரே தகட்டின் மேல் குவித்து வைத்தால் இது வரும். இருட்டில் சட்டியின் அடி மங்கலான சிவப்பாகத் தெரிந்தால் அங்கே வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ 570 டிகிரிக்கு மேல் இந்தப் பொருக்கு வேகமாகத் தடிக்கும். ஒவ்வொரு முறை அது உதிரும்போதும் தகடு கொஞ்சம் மெலியும். இதற்கு மருந்து பூச்சு இல்லை, உள்ளே ஒரு கம்பித் தட்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

எதையும் சுரண்டத் தொடங்குமுன் தகட்டில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று பாருங்கள். சட்டியை முழுவதும் காலி செய்து தாங்கியிலிருந்து இறக்கிக் கவிழ்த்து, சிறு சுத்தியலால் அடிப்பகுதியை மெல்லத் தட்டிக்கொண்டே நடுவிலிருந்து விளிம்புக்கு வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகச் சத்தமிடும். மந்தமான இடத்தில் கூரான ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். குழி விழுந்தால் அங்கே இரும்பு இல்லை, துருதான் நிற்கிறது. இரவில் சட்டிக்குள் டார்ச்சை வைத்து வெளியிலிருந்து பார்த்தால் ஊசித் துளைகள் தெரியும். தகட்டு இணைப்பில் ஒளி கசிவது சகஜம். ஆணியடித்த சட்டி தண்ணீர் தேங்காமல் கசியவிடுவது அதன் நல்ல குணம், அதை அடைக்காதீர்கள். தகட்டின் நடுவே ஒளி வந்தால்தான் ஒட்டுப் போட வேண்டும்.

சட்டி வார்ப்பிரும்பா தகட்டிரும்பா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆணியும் இணைப்பும் இருந்தால் தகடு. ஒரே வார்ப்பாக, கனமாக, 5 மி.மீ.க்கு மேல் தடிமனாக, உள்ளே சொரசொரப்பாக இருந்தால் வார்ப்பிரும்பு. காந்தம் இரண்டிலும் ஒட்டும் என்பதால் அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தகடு சூட்டில் நெளியும், ஆனால் வெடிக்காது. வார்ப்பிரும்பு நெளியாது, சூட்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடங்களில் வார்ப்புச் சட்டியில் தேங்கிய நீர் உறைந்து விரிந்தும் விரிசல் வரலாம்.

வெல்லம் காய்ச்சிய பழைய கொப்பரைகளையும் கல்யாணச் சமையல் சட்டிகளையும் கணப்புக்கு வாங்குவோர் இப்போது நிறைய. இந்தியாவில் செய்த இந்த ஆணிச் சட்டிகள் இங்கிலாந்துத் தோட்டங்களுக்குக்கூட நெருப்புச் சட்டியாகவே கப்பலேறுகின்றன. வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. தகடு இல்லை என்பது. ஜி.ஐ. சாம்பல் வெள்ளையாக, பூப்பூவாக மினுங்கும். துத்தநாகம் 420 டிகிரியை ஒட்டி உருகும், 907 டிகிரியில் கொதிக்கும். தணலின் உச்சச் சூடு அதை எட்டக்கூடியது. அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், தலைவலி, வாயில் உலோகச் சுவை வரும். பழைய தார் டிரம்மை வெட்டிச் செய்ததும் வேண்டாம். உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

சுரண்டிச் சுத்தம் செய்வது

முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். துருத்தூசியைவிடச் சாம்பல்தான் ஆபத்து. அது காரம், கண்ணில் பட்டால் புண்ணாக்கும். முதலில் காய்ந்த நிலையிலேயே, தளர்ந்த செதிலை மழுங்கிய உளியாலோ பட்டி பார்க்கும் தகட்டாலோ பெயர்த்துவிடுங்கள். பிறகு கம்பி பிரஷ். பரப்பு பெரிது என்பதால் கிரைண்டிங் மெஷினில் கப் பிரஷ் மாட்டினால் 30 அங்குலச் சட்டியை அரைமணியில் முடிக்கலாம். அரைக்கும் கல்லை மாட்டிவிடாதீர்கள், அது நல்ல இரும்பையும் தின்றுவிடும். கடைசியாக 80 எண் உப்புத்தாள். இரும்பு வெள்ளி மாதிரி பளபளக்க வேண்டியதில்லை. கையால் தடவினால் தூசி ஒட்டாத அளவுக்கு வந்தால் போதும். இறுகிப் பிடித்த கரும்பழுப்பு அடுக்கை விட்டுவிடுங்கள்.

குழிகளுக்குள் துரு இறுகியிருந்தால் 5 சதவீத வெள்ளை வினிகரில் பழைய துணியை நனைத்து மேலே விரித்து, காயாமல் இருக்கப் பாலித்தீன் தாள் மூடி, 4 முதல் 8 மணி நேரம் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் நல்ல இரும்பையே கரைக்கத் தொடங்கும். பழைய புளிக்கரைசலும் இதே வேலையை மெதுவாகச் செய்யும். பின்பு பிரஷால் தேய்த்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றி அமிலத்தை முறித்து, கழுவி, ஈரம் காயுமுன்பே உள்ளே சுள்ளி எரித்துச் சூடேற்றுங்கள். கழுவிய வெற்று இரும்பு கால்மணியில் மஞ்சளாகப் பூத்துவிடும். அதனால் சுள்ளி, தீப்பெட்டி, எண்ணெய் எல்லாம் கழுவுவதற்கு முன்பே பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்.

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். துரு உடனே கரைந்து பளிச்சென்று ஆகும், உண்மை. ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குழிக்குள் தங்கும் குளோரைடை எவ்வளவு கழுவினாலும் முழுக்க எடுக்க முடியாது. அடுத்த ஈரத்தில் துரு இரட்டிப்பாகத் திரும்பும்.

எண்ணெய்

எண்ணெய் இரும்பில் தங்குவது அது ஈரமாக இருப்பதால் இல்லை, சூட்டில் இறுகிப் படலமாக மாறுவதால். எல்லா எண்ணெயும் இறுகாது. ஆளிவிதை எண்ணெய் மிக நன்றாக இறுகும். சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் அடுத்தபடி. தேங்காய் எண்ணெய், நெய் இரண்டும் இறுகவே இறுகாது. பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்ஸீட் ஆயில் வேகமாகக் காயும். அதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், ஆகவே சட்டியில் எப்போதாவது சோளம், கறி சுடுவீர்கள் என்றால் சமையலுக்கான ஆளிவிதை எண்ணெயே வாங்குங்கள். லாரிப் பட்டறையில் கிடைக்கும் வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம். எஞ்சினின் உலோகத் துகளும் கரியும் அதில் இருக்கிறது, அது புகையாக உங்கள் மூக்குக்குத்தான் வரும்.

30 அங்குலச் சட்டி 8 அங்குல ஆழம் இருந்தால் ஒரு பக்கப் பரப்பு கிட்டத்தட்ட 0.6 சதுர மீட்டர். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு பூச்சுக்கு 25 முதல் 30 மி.லி. எண்ணெய் போதும், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. இந்த அளவைக் கேட்டு யாரும் நம்புவதில்லை; அரைக் கிண்ணம் ஊற்றிவிட்டு, ஏன் ஒட்டுகிறது என்று கேட்பார்கள். சட்டி கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது நூல் உதிராத பருத்தித் துணியால் வெளிப்பக்கம், விளிம்பு, வளையக் கைப்பிடி, ஆணித்தலைகள், தகடு தகட்டின் மேல் ஏறும் விளிம்பு எல்லாம் தடவுங்கள். பிறகு காய்ந்த துணியால், தவறுதலாகப் பூசிவிட்டோம் என்று நினைத்துத் துடைத்தெடுப்பவர் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் பூச்சு. உள்ளே விரற்கடை பருமனுள்ள சுள்ளிகளால் சின்ன நெருப்பு, நடுவில் மட்டும் குவிக்காமல் பரப்பி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். வெளிப்பக்கத்தில் தெளித்த நீர்த்துளி சுருண்டு ஓடினால் சூடு போதும். எண்ணெய் புகைந்து, புகை நின்று, நிறம் கருமையானால் ஒரு பூச்சு முடிந்தது. இப்படி மூன்று முறை.

ஒரு எச்சரிக்கை, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் அது காற்றோடு வினைபுரிந்து, உள்ளே சூடேறி, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணியை வெட்டவெளியில் தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

உள்ளே அடிப்பகுதியில் இந்தப் படலம் நிற்காது. நெருப்பின் சூட்டில் எரிந்துபோகும். ஆகவே உள்ளே எண்ணெய் என்பது பருவம் முடிந்து சட்டியை எடுத்து வைக்கும்போது மட்டும்.

பெயிண்ட்டைப் பற்றி

வெளிப்பக்கம் கறுப்பாக, சீராகத் தெரிய வேண்டும் என்றால் 600 டிகிரி தாங்கும் சிலிக்கான் வகைப் பெயிண்ட் அடிக்கலாம். டப்பாவின் மேல் அந்த எண் எழுதியிருக்க வேண்டும். சாதாரண எனாமல் முதல் நெருப்பிலேயே கொப்புளித்து நாறும். இதற்கு அடியில் வழக்கமான ரெட் ஆக்சைடு பிரைமர் போடக் கூடாது. பிரைமரின் பிசின் கருகி, மேலே உள்ள நல்ல பெயிண்ட்டையும் சேர்த்துக்கொண்டு உரியும். எண்ணெய்ப் படலத்தின் மேலும் பெயிண்ட் பிடிக்காது, ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊர் ஈரத்துக்கு எண்ணெய்தான் நல்லது என்பது என் கருத்து. பெயிண்ட்டில் எங்காவது ஒரு கீறல் விழுந்தால் துரு அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் படரும். எண்ணெய் போன இடம் உடனே தெரியும், ஐந்து நிமிடத்தில் மறுபடி தடவலாம். தாங்கிக்கு மட்டும், அதுவும் சட்டியிலிருந்து தள்ளி இருக்கும் கால்களுக்கு மட்டும், ரெட் ஆக்சைடும் எனாமலும் சரி.

தாங்கியின் வளையத்தில் சட்டி உட்காரும் இடம் ஒரு கண்ணி. மழைநீர் அந்த வட்டத்தில் நின்று, காயாமல், இரண்டு பக்க இரும்பையும் அரிக்கும். மாதம் ஒருமுறை சட்டியைத் தூக்கி அந்த வட்டத்தைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். புதுத் தாங்கி செய்யச் சொல்வதாக இருந்தால் முழு வளையத்துக்குப் பதில் மூன்று தாங்கு நாக்குகள் வைக்கச் சொல்லுங்கள், நீர் நிற்க இடமே இருக்காது.

நெருப்பு மூட்டும் முறை

30 அங்குலச் சட்டிக்கு ஒரு அடி நீளத்தில், முன்கை பருமனுக்குப் பிளந்த விறகு மூன்று, நான்கு ஒரே நேரத்தில் எரிந்தால் போதும். நிறைத்து அடுக்கினால் சூடு உங்களுக்கு வருவதைவிட அடித்தகட்டுக்குப் போவதுதான் அதிகம். முதல் இருபது நிமிடம் சுள்ளி நெருப்பு மட்டும். சூடு ஒரு டிகிரி ஏறினால் இரும்பு தன் நீளத்தில் லட்சத்தில் 1.2 பங்கு விரியும்; சின்னக் கணக்காகத் தெரியும், ஆனால் 75 செ.மீ. சட்டி 400 டிகிரி ஏறினால் 3.6 மி.மீ. விரிகிறது. நடு மட்டும் சடாரென்று சூடாகி விளிம்பு குளிர்ந்தே இருந்தால் அந்த இழுபறியில் தகடு நெளியும், ஆணிகள் தளரும்.

தணலுக்கும் தகட்டுக்கும் இடையே கம்பித் தட்டு வையுங்கள் என்று சொன்னேன் அல்லவா: 12 மி.மீ. சதுரக் கம்பியில், 2 செ.மீ. இடைவெளி விட்டு, அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி வெல்டிங் பட்டறையில் செய்துதருவார்கள். கீழே காற்று போவதால் புகையும் குறையும். அந்தத் தட்டு சில வருடத்தில் நெளிந்து மெலியும். அது தேயத்தான் இருக்கிறது, சட்டிக்குப் பதிலாக அது தேயட்டும். தட்டு இல்லாதவர்கள் அடியில் 2 செ.மீ. காய்ந்த சாம்பலை விட்டுவைப்பார்கள். சூட்டைத் தடுக்க அது நல்ல வழிதான், ஆனால் வறண்ட ஊருக்கு. இரவில் மூடுபனி இறங்கும் கோத்தகிரியில் அந்தச் சாம்பல் மறுநாள் காலையிலேயே நனைந்திருக்கும்.

விறகு காய்ந்திருக்க வேண்டும். பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் போக விட்டு ஆறு மாதமாவது. உங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் சீகை (வாட்டில்) மரம் நல்ல தணல் தரும், நின்று எரியும். சவுக்கும் அப்படியே. யூகலிப்டஸ் எண்ணெய்ப் பசையால் வேகமாகப் பற்றும், பொறி பறக்கும். பைன் புகைக்கரி படியவைக்கும். ஆற்றுக் கூழாங்கல்லை அழகுக்காக உள்ளே போடாதீர்கள், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்தேற்றிய கம்பம் எதுவும் கூடாது. பிளாஸ்டிக் குப்பையைக் கணப்பில் போடும் வழக்கம் உள்ளவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்: பி.வி.சி. குழாய்த்துண்டோ ஒயரோ எரிந்தால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு. மூச்சுக்கும் கேடு, மேலே சொன்ன ஆசிட் செய்யும் அதே கேட்டை இரும்புக்கும் செய்யும்.

அணைக்கத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தகடு நெளியும், வார்ப்பு வெடிக்கும், சாம்பலோடு சேர்ந்த கொதிநீராவி முகத்தில் அடிக்கும், அள்ளக் காத்திருந்த சாம்பல் சேறாகிவிடும். தணலைக் கரண்டியால் பரப்பிவிட்டால் தானே அவியும். அவசரம் என்றால் காய்ந்த மணல் போடுங்கள், மறுநாள் அதையும் அள்ளிவிடுங்கள்.

சட்டி நிற்கும் இடம் சுவரிலிருந்தும் மரக்கிளையிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நீலகிரியில் காட்டுத்தீக் காலம். காற்று அடிக்கும் மாலையில் கணப்பே வேண்டாம். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி குற்றம். எல்லையை ஒட்டிய தோட்டங்கள் பொறி பறக்காதபடி சட்டியின் மேல் கம்பி வலை மூடி போட்டுக்கொள்வது நல்லது. வெளியே குளிர்கிறது என்று தணல் மிச்சமிருக்கும் சட்டியை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோவதை யாரும் செய்யக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மலை ஊர்களில் இப்படித் தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது.

சாம்பல் அள்ளுவது

மறுநாள் காலையில், கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்தது என்று முடிவு செய்யாதீர்கள். சாம்பலுக்குள் புதைந்த கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மண்வெட்டியாலோ தகரக் கரண்டியாலோ அள்ளி, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, மண் தரையில் இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள். பிளாஸ்டிக் வாளி, அட்டைப்பெட்டி, மரத்தளம் கூடாது. அள்ளிய பிறகு இணைப்புச் சந்துகளில் நிற்பதைப் பழைய பெயிண்ட் பிரஷால் கூட்டிவிடுங்கள். சந்தில் இருக்கும் ஒரு கரண்டிச் சாம்பல்தான் ஆணியை முதலில் தின்னும்.

இந்தச் சாம்பல் தோட்டத்துக்கு நல்ல சரக்கு, ஆனால் எல்லாச் செடிக்கும் இல்லை. நீலகிரி மண் பொதுவாகப் புளிப்பு. சாம்பல் அதைக் குறைக்கும். முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டுப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு வருடத்தில் 100 கிராம் அளவுக்குத் தூவலாம். தேயிலை புளிப்பு மண்ணையே விரும்பும், அதன் தூரில் கொட்டாதீர்கள். உருளைக்கிழங்குப் பாத்தியிலும் வேண்டாம், மண் காரமானால் கிழங்கில் சொறி நோய் கூடும்.

மழைக்காலம்

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை பெரிது. கோத்தகிரி, குன்னூரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. எந்த மழையானாலும் அதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு வெயில் நாளில் சட்டியை முடித்துவிடுங்கள்: சாம்பல் முழுவதும் அள்ளி, காய்ந்த பிரஷால் தேய்த்து, சுள்ளி நெருப்பில் அரைமணி சூடேற்றி, சூடு ஆறும்போது உள்ளேயும் வெளியேயும் மெல்லிய எண்ணெய். பிறகு கொட்டகையிலோ தாழ்வாரத்திலோ இரண்டு செங்கல் மேல் கவிழ்த்து வையுங்கள். செங்கல் முக்கியம். தரையில் நேரே கவிழ்த்தால் மண்ணின் ஈரம் உள்ளே ஏறி வெளியேற வழியில்லாமல் விளிம்பை அரிக்கும்.

கூரைக்குக் கீழ் இடமில்லை என்றால் வெளியிலேயே செங்கல் மேல் கவிழ்த்து, தார்ப்பாயை மேலே போட்டு, கீழே ஒரு சாண் விட்டுக் கட்டுங்கள். இறுகச் சுற்றிக் கட்டுவதுதான் பலரும் செய்வது. உள்ளே வேர்த்து, மூடாமல் விட்டதைவிட மோசமாகத் துருப்பிடிக்கும். சட்டியின் அடியில் 10 மி.மீ. துளை போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். ஆணிச்சட்டிக்குத் தேவையில்லை. ஒரே தகட்டில் அழுத்திச் செய்த சட்டிக்குப் போடலாம். கீழே புல் இருந்தால் துளைக்கு நேரே ஒரு தகரத் தட்டு வையுங்கள், கங்கு விழும்.

ஓட்டையும் தளர்ந்த ஆணியும்

தட்டிப் பார்த்ததில் ஸ்க்ரூ டிரைவர் இறங்கியிருந்தால், துளையைச் சுற்றி நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, அதைவிட 2 செ.மீ. பெரிய 3 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டை அதே வளைவுக்குத் தட்டி, உள்ளும் புறமும் வெல்டிங் வைக்க வேண்டும். 2.5 மி.மீ. 6013 ராடு போதும். மெலிந்த தகட்டின் மேலேயே ஒட்டு வைத்தால் வெல்டிங் சூட்டில் பக்கத்தில் புதுத் துளை விழும். அதற்காகத்தான் வெட்டச் சொல்வது. எம்-சீல் போன்ற எபாக்ஸி பசைகள் ஒரே நெருப்பில் கருகி உதிரும்.

ஆணி ஆடினால், உள்ளே ஒருவர் கனமான சுத்தியலை ஆணித்தலைக்கு அண்டை கொடுத்துப் பிடிக்க, வெளியே மற்றவர் சிறு சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் மறுபடி இறுகும். ஆணியே தேய்ந்துபோயிருந்தால் முலாம் இல்லாத எம்.எஸ். போல்ட், வாஷர், நட் போட்டு, வெளியே நீண்டிருக்கும் முனையைத் தட்டி மழுக்கிவிடுங்கள். கடையில் கிடைக்கும் அலுமினிய பாப் ரிவிட் வேண்டாம், அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும்.

கடைசியாகக் கல்லில் விழுந்த கறை. முதலில் அது என்ன கல் என்று பாருங்கள். கிரானைட் என்றால் ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்சாலிக் ஆசிட் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு பூசி, இருபது நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது விஷம், குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடப்பாக்கல் என்றால் எந்த அமிலமும் கூடாது, எலுமிச்சைகூட. அது சுண்ணாம்புக்கல், பட்ட இடம் வெளுத்து மெருகு போய்விடும். அதற்குச் சோப்பும் நுண்ணிய உப்புத்தாளும்தான். கறை மறுபடி விழாமல் இருக்கத் தாங்கியின் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு செங்கல் துண்டு வைத்தால், வடியும் துருநீரைச் செங்கல் குடித்துக்கொள்ளும்.